வாரத்துக்கு 700 ரூபாய்



சனிக்கிழமை கூலி வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். அரிசிக்கு இவ்வளவு. பால்காரருக்கு இவ்வளவு. சீட்டுக்கு இவ்வளவு. மீதியை வைத்து அடுத்த சனிக்கிழமை வரை ஓட்ட வேண்டும். வியாழக்கிழமையே கை காலியாகிவிட்டால் பக்கத்து வீட்டில் கைமாற்று. இந்தக் கணக்கை யாரும் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. வாழ்க்கை கற்றுக்கொடுத்தது.

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை. "அவனுக்கென்ன, ஸ்காலர்ஷிப் வருது" என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளின் கணக்கைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

ஐதராபாத் நகரத்தின் மேற்குப் பக்கம் கச்சிபௌலி என்ற இடம் இருக்கிறது. முன்பு பாறையும் புதரும் நிறைந்த காடு. இன்று கண்ணாடிக் கட்டடங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகள். அங்கேதான் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1974-இல் தொடங்கியது. முதலில் நகரத்துக்குள், ஆபிட்ஸ் பகுதியில், சரோஜினி நாயுடு குடும்பத்தாரின் வீட்டில் நடந்தது. பிறகு கச்சிபௌலிக்கு வந்தது. மதிலுக்கு உள்ளே விடுதி. மதிலுக்கு வெளியே கம்பெனிச் சம்பளக்காரர்களுக்கு ஏற்ற விலை. இரண்டுக்கும் நடுவில் மாணவர்.

அங்கே பல மாநிலத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் போகிறார்கள். அவர்களில் பிஎச்.டி. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவித்தொகை உண்டு. 'நெட்' என்ற தேசியத் தேர்வில் உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு அதிகம். மற்றவர்களுக்குக் குறைவு. குறைந்த தொகை 2006-இல் மாதம் 5,000 ரூபாயாகத் தொடங்கியது. 2012-இல் 8,000 ரூபாயாக உயர்ந்தது.

8,000 ரூபாய் வாங்கும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காகத்தான். ஊருக்கு 2,000 அனுப்புகிறார். தங்கை படிக்கிறாள். விடுதிச் சாப்பாட்டுக்கு 3,000 போகிறது. மீதி 3,000. சோப்பு, எண்ணெய், ஜெராக்ஸ், போன் ரீசார்ஜ், பஸ், தேநீர் எல்லாம் இதில்தான்.

இந்த 3,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

பெரும்பாலோர் நான்கால் வகுப்பார்கள். மாதத்துக்கு நான்கு வாரம் அல்லவா? வாரத்துக்கு 750 ரூபாய் வரும். சரிதானே?

சரியில்லை. நான்கு வாரம் என்பது 28 நாள். மாதத்துக்கு 30 நாள், 31 நாள். 28-ஆம் தேதி இரவோடு பணம் தீர்ந்துவிடும். 29-ஆம் தேதி காலையில் தேநீருக்குக் கைமாற்று வாங்க வேண்டும். அடுத்த மாதம் அந்தக் கடனையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். இப்படி 12 மாதம் கூட்டிப் பாருங்கள். 28-ஐ 12-ஆல் பெருக்கினால் 336. வருடத்துக்கு 365 நாள். 29 நாளுக்குப் பணமே ஒதுக்கவில்லை. ஏறக்குறைய ஒரு முழு மாதம்! அந்த மாணவர் ஊதாரி இல்லை. சினிமாவுக்குப் போகவில்லை. வகுத்தலில்தான் தப்பு.

ஆகவே 30-ஆல் வகுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 100 ரூபாய். வாரத்துக்கு 700. 31 நாள் வருகிற மாதத்தில் ஒரு நாள் இடிக்கும். அதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

போன் கம்பெனிக்காரர்களுக்கு இந்த 28 நாள் கணக்கு நன்றாகத் தெரியும். 'ஒரு மாத ரீசார்ஜ்' என்று பலர் நினைத்துப் போடுவது பெரும்பாலும் 28 நாளுக்குத்தான். அப்படிப் போட்டால் வருடத்துக்கு 12 முறை போதாது. 13 முறை போட வேண்டும். 30 நாளுக்கு ஒரு திட்டமாவது கட்டாயம் வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் உத்தரவு போட்டது. கடையில் கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

இனி விடுதிச் சாப்பாடு. நம் நாட்டில் அரசு விடுதிகள் பலவற்றில் ஒரு முறை உண்டு. மாதம் முழுவதும் வாங்கிய அரிசி, பருப்பு, காய்கறி, எரிவாயு ஆகியவற்றின் செலவைக் கூட்டுவார்கள். சாப்பிட்ட ஆட்களின் நாள் கணக்கால் வகுப்பார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வரும். அதை அவரவர் இருந்த நாளால் பெருக்கினால் மெஸ் பில். லாபம் வைப்பதில்லை. அதனால் வெளிக்கடையை விட மலிவு. ஆனால் தக்காளி விலை ஏறினால் பில்லும் ஏறும். மாதம் முடிந்த பிறகுதான் தொகை தெரியும். அதனால் மாணவர் சென்ற மாத பில்லை விடக் கொஞ்சம் கூடவே எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழித்துவிடுவார்கள். எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பது விடுதிக்கு விடுதி மாறும். தீபாவளிக்கு அவசரமாக பஸ் பிடிக்கிற பிள்ளை எழுதிக்கொடுக்க மறந்துவிடும். சாப்பிடாத சோற்றுக்குப் பணம் போகும்.

வெளியே மலிவாகச் சாப்பிடவும் ஐதராபாத்தில் வழி உண்டு. சென்னையில் 2013-இல் அம்மா உணவகம் வந்தது. 1 ரூபாய்க்கு இட்லி. 5 ரூபாய்க்கு சாம்பார் சாதம். அடுத்த ஆண்டு, 2014-இல், ஐதராபாத் மாநகராட்சி அன்னபூர்ணா என்ற பெயரில் 5 ரூபாய்ச் சாப்பாட்டைத் தொடங்கியது. வரிசையில் கட்டடத் தொழிலாளியும் நிற்பார். ஆட்டோக்காரரும் நிற்பார். வேலை தேடி வந்த பட்டதாரியும் நிற்பார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பஸ் விஷயத்தில் ஒரு சிக்கல். தெலங்கானாவில் 2023 டிசம்பர் முதல் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம். ஆனால் அந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கான அடையாள அட்டை காட்ட வேண்டும். சேலத்திலிருந்து போய்ப் படிக்கிற பெண்ணின் ஆதாரில் சேலம் முகவரிதான் இருக்கும். அவர் டிக்கெட் எடுக்க வேண்டும். இல்லையென்றால் மாணவர் பாஸ் வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சின்னக் கணக்கு. கவனமாக இருந்தால் சமாளித்துவிடலாம். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. மாதம் பிறந்தால் பணம் வரும் என்ற நம்பிக்கை.

அந்தப் பணம் எப்படி வருகிறது? மாணவர் ஒழுங்காக ஆராய்ச்சி செய்கிறார் என்று வழிகாட்டிப் பேராசிரியர் உறுதி சொல்ல வேண்டும். துறைத் தலைவர் பார்க்க வேண்டும். அலுவலகம் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு தரும் உதவித்தொகை என்றால், பல்கலைக்கழகம் கனரா வங்கியின் இணையதளத்தில் மாதாமாதம் உறுதி செய்ய வேண்டும். நடுவில் ஒரு கையெழுத்து நின்றால் பணம் நிற்கும். ஒரு மாதம் நிற்கும். மூன்று மாதமும் நிற்கும். பிறகு மொத்தமாக வரும். மொத்தமாக வந்தாலும் அதற்குள் வாங்கிய கடன் அதைத் தின்றுவிடும். நூறு நாள் வேலைக்குப் போய்க் கூலி தள்ளிப்போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கச்சிபௌலியில் நடந்த இரண்டு சம்பவங்களை இங்கே சொல்ல வேண்டும். துயரமானவை.

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்தைச் சேர்ந்தவர் செந்தில்குமார். பன்றி வளர்க்கும் எளிய குடும்பம். தலித் குடும்பம். அந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இயற்பியலில் பிஎச்.டி. படிக்க ஐதராபாத் பல்கலைக்கழகம் வரை போனார். அவருடைய உதவித்தொகையை வீடும் நம்பியிருந்தது. ஒரு பாடத்தில் தேறவில்லை என்பதால் உதவித்தொகை நின்றது. 2008 பிப்ரவரியில் விடுதியில் இறந்துகிடந்தார். தற்கொலை என்று பிறகு தெரிந்தது. பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் ஒரு குழு விசாரித்தது. பாடத் தேர்வு, வழிகாட்டி ஒதுக்குவது ஆகியவற்றில் அந்தத் துறையின் விதிமுறைகள் தெளிவாக இல்லை என்று குழு எழுதியது.

எட்டு ஆண்டுகள் கழித்து ரோஹித் வெமுலா. குண்டூர்க்காரர். தாய் ராதிகா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். ரோஹித்துக்கு மாதம் 25,000 ரூபாய் உதவித்தொகை. "25,000 வாங்குகிறவருக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்கத் தோன்றும். 2015 ஜூலை முதல் அந்தப் பணம் வரவில்லை. அவர் மாணவர் அமைப்பில் தீவிரமாக இருந்ததால்தான் நிறுத்தினார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். காகித வேலையில் தாமதம் என்று பல்கலைக்கழகம் சொன்னது. பிறகு ஒரு மோதல் வழக்கில் அவரையும் வேறு நான்கு மாணவர்களையும் விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எழுதி வைத்த கடிதத்தில் பணக் கணக்கும் இருந்தது. ஏழு மாத உதவித்தொகை வர வேண்டியிருக்கிறது, அதைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும், அதிலிருந்து ஒரு நண்பருக்குத் தர வேண்டிய கடனை அடைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

25,000-ஐ ஏழால் பெருக்கிப் பாருங்கள். 1,75,000 ரூபாய். காகிதத்தில் அவ்வளவு பணம். கையில் கடன்.

பணம் ஒன்றே காரணம் என்று சொல்லக்கூடாது. அந்த இரண்டு மரணங்களிலும் சாதிப் பாகுபாடு பற்றிய பெரிய கேள்விகள் எழுந்தன. நாடு முழுவதும் பேசினார்கள். ஆனால் இருவர் கதையிலும் நின்றுபோன பணம் இருக்கிறது. வாரத்துக்கு 700 ரூபாயில் கெட்டிக்காரத்தனமாக வாழ்கிற பிள்ளையால், வராத பணத்தை வைத்து வாழ முடியாது. சிக்கனம் பற்றிப் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நமக்கு இதில் என்ன வேலை?

வீட்டிலிருந்து போன் செய்யும்போது "இந்த மாசம் எவ்வளவு அனுப்புவே?" என்று கேட்பது வழக்கம். முதலில் "பணம் வந்துச்சாப்பா?" என்று கேட்கலாம். வரவில்லை என்றால் எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்று கேட்கலாம். பிள்ளைகள் மறைப்பார்கள். அம்மா கவலைப்படுவார் என்று மறைப்பார்கள். இரண்டு முறை கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிள்ளையின் பேச்சில் மனம் உடைந்தது தெரிந்தால் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம். யாராவது உடனே கிளம்பிப் போய்ப் பாருங்கள். பஸ் காசை யாரிடம் கைமாற்று வாங்கினாலும் தப்பில்லை.

உதவித்தொகை தாமதமானால் புகார் செய்ய உரிமை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் இதற்கு விதிகள் போட்டது. ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அந்தக் குழு அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியாக இல்லையென்றால் குறைகேட்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். பெயர், பதிவு எண், துறை. எந்த மாதம் வரை பணம் வந்தது. எந்த மாதத்திலிருந்து வரவில்லை. மொத்தம் எவ்வளவு வர வேண்டும். வங்கிப் புத்தகத்தின் நகல் ஒன்றை இணைக்க வேண்டும். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பிரதியில் ஒரு நகலை ஊருக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில், ரேஷன் அட்டை வைத்திருக்கும் இடத்தில், அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.