கடனும் கடமையும்

(ஐரோலியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சற்று முன்னர் நம் குழந்தைகள் ஆடியும் பாடியும் நம் உள்ளங்களைக் குளிர்வித்தார்கள். இந்த இனிய மாலையில் கடனைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணக்கூடும். இளைஞர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மிகுந்த விலை கொடுத்து நான் கற்ற பாடம் இது ஒன்றுதான். ஆகவே இதையே சொல்கிறேன்.

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பிறரிடம் வாங்கித் திருப்பித் தர வேண்டிய பொருளும் கடன். செய்தே தீர வேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டவன் நான்.

பம்பாய்த் தமிழருக்குக் கடன் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம் முன்னோர் தாராவிக்கு வந்து தோல் பதனிட்ட காலத்தில், இந்நாட்டுத் தொழிலாளர் நிலையை விட்லி ஆணையம் ஆராய்ந்தது. 1931-ஆம் ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் கடனில் இருந்தனர் என்று மதிப்பிட்டது. ரூபாய்க்கு மாதம் ஓர் அணா வட்டி என்பது அன்று வழக்கமான விகிதம். அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து! சம்பள நாளன்று ஆலை வாயிலில் கடன்காரர் காத்து நிற்பார். அவர் கைத்தடியே அவருக்கு நீதிமன்றம்.

இன்று ஆலை வாயிலில் எவரும் நிற்பதில்லை. கடன் கொடுப்பவர் நம் சட்டைப் பையிலேயே, செல்பேசிக்குள் குடியிருக்கிறார். புன்னகையோடு அழைக்கிறார், கையெழுத்துக்கூடக் கேட்பதில்லை. கடன் அட்டையில் ஓர் இலட்சம் ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை என்றால் 3,500 ரூபாய். அவ்வட்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 630 ரூபாய். குறைந்தபட்சத் தொகையாக நூற்றுக்கு ஐந்து, அதாவது 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள். அசலில் கழிவது எவ்வளவு தெரியுமா? வெறும் 870 ரூபாய்! மாதம் தவறாமல் கட்டுகிறோம் என்ற நிம்மதியில் இளைஞன் உறங்குகிறான், கடன் உறங்குவதில்லை.

இந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியாது. 2014-இல் எனக்கு வயது இருபத்து நான்கு. இதே ஐரோலியில் ஓர் அலுவலகத்தில் வேலை. மாதச் சம்பளம் இருபத்தெட்டாயிரம். ஊரில் தங்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. "பையன் பம்பாயில் சம்பாதிக்கிறான்" என்று ஊரார் சொல்லும் சொல்லுக்கு நான் ஈடு கொடுக்க வேண்டாமா? மூன்று அட்டைகளில் பணம் எடுத்தேன். நகை, பந்தல், மேளம், விருந்து, எதிலும் குறை வைக்கவில்லை. அண்ணன் கடமையைச் செய்துவிட்டான் என்று எல்லோரும் மெச்சினார்கள். அட்டைக் கடனை அடைக்கத் தனிக்கடன் ஒன்று வாங்கினேன். காலியான அட்டையில் மறுபடியும் செலவு செய்தேன். ஓராண்டில் மொத்தம் 4,60,000 ரூபாய்க் கடன்.

பணம் போனதைவிட, மனம் போன போக்கே கொடிது. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நெஞ்சு படபடக்கும். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். விடியும் வரை கணக்கு முடியாது. நண்பர்கள் தேநீர் குடிக்க அழைத்தால் வேலை இருப்பதாகப் பொய் சொல்வேன். இச்சங்கத்துப் பொங்கல் விழாவுக்குக்கூட அவ்வாண்டு நான் வரவில்லை. ஊரிலிருந்து அப்பா பேசினால், "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லி விரைவில் வைத்துவிடுவேன். பதினான்கு மாதங்கள் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

தாராவியில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். விடியற்காலையில் இட்டலி அவித்துக் கூடையில் அனுப்பும் தொழில் அவருடையது. ஞாயிறுதோறும் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. நான் போவதை நிறுத்தியதும், அவரே இரயில் ஏறித் தாணாவில் மாறி ஐரோலிக்கு வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார். எவ்வளவு என்று மட்டும் கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

"ஏலே, கடன் வாங்குனவன் திருடன் இல்லலே. ஒளிச்சு வைக்கப்போயித்தான் திருடன் மாதிரி பயந்துக்கிட்டு இருக்க. ஒரு தாளை எடு. எல்லாத்தையும் எழுது" என்றார்.

எழுதினேன். யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று ஒரே தாளில் எழுதி முடித்தபோது, பதினான்கு மாதங்களாக மலைபோல் நின்ற கடன் ஏழு வரிகளில் அடங்கிவிட்டது. கடன் குறையவில்லை, அச்சம் குறைந்தது.

அன்றிரவே அப்பாவிடம் சொல்லச் செய்தார் அத்தை. சொல்லி முடித்ததும் அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "உனக்குத் தெரியக்கூடாதுன்னு நானும் அம்மா நகையை அடகு வச்சிருக்கேன்லே" என்றார். அன்பர்களே! ஒரே பந்தலின்கீழ், ஒரே திருமணத்துக்காக, தந்தையும் மகனும் ஒருவருக்கொருவர் தெரியாமல் கடன்பட்டிருந்தோம்! முன்பே வாய் திறந்திருந்தால் பந்தலைச் சிறிதாக்கியிருப்போம். தங்கை அதனால் ஒரு குறையும் அடைந்திருக்கமாட்டாள்.

மீண்ட வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டைகளை வெட்டி எறிந்தேன். வங்கிக்கு நேரில் சென்று, நிலுவையைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருமாறு எழுதிக் கேட்டேன். இரண்டு இசைந்தன, ஒன்று மறுத்தது. எல்லாத் தவணையையும் கட்டியது போக எஞ்சிய பணத்தை, வட்டி மிகுந்த கடனிலேயே செலுத்தினேன். அத்தை பணம் தரவில்லை. தம் வீட்டு மேல்தட்டில் இடம் தந்தார். வாடகை மிச்சமாயிற்று. சயானிலிருந்து தாணா, தாணாவிலிருந்து ஐரோலி என்று நாள்தோறும் பயணம். முப்பத்தொரு மாதங்களில் கடைசித் தவணையைக் கட்டினேன். அன்று மாலை அத்தைக்கு வாங்கிச் சென்றது அரைக் கிலோ அல்வா, ரொக்கத்துக்குத்தான்!

இளைஞர்கள் அறிய வேண்டிய விதிகள் சில உண்டு. கடன் வசூலிப்போர் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வலியுறுத்தியது. செயலி வழிக் கடன் தருவோர் உங்கள் செல்பேசியிலுள்ள உறவினர் எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்பதும் அவ்வாண்டு வந்த விதியே. வங்கியிடம் முறையிட்டு முப்பது நாளில் தீர்வு வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஒன்றை மறவாதீர்: பாதித் தொகையில் பேசி முடித்த கடன், முழுதும் அடைத்த கடனாகக் கடன் வரலாற்றில் பதிவாகாது. மனம் தளர்ந்து உயிரே பாரமாகத் தோன்றினால், 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வரும் வழி சிறிதாயினும், போகும் வழி அகலாதவரை கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் வைத்த இடம் எது தெரியுமா? 'வலியறிதல்' என்னும் அதிகாரம். அரசன் தன் வலிமையை அறிவது பற்றிய பகுதி! வரவறிந்து செலவிடுவதை அவர் கஞ்சத்தனமாகக் கருதவில்லை, வலிமையாகக் கருதினார்.

பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கடனைச் சொன்னால், முதல் சொல் வசையாக இருக்க வேண்டாம். எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். தாளும் எழுதுகோலும் எடுத்து வாருங்கள். இளைஞர்களுக்கும் ஒரு சொல். பெற்றோரிடம் சொல்ல அஞ்சினால், இந்த அவையில் இருக்கும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ஊரைவிட்டு வந்த நமக்குச் சங்கம் வேறு எதற்கு?

வாங்கிய கடனை அடைப்பது கடமை. வாங்கியதை வீட்டாரிடம் மறைக்காதிருப்பது அதற்கும் முந்திய கடமை. என் அத்தைக்கு நான் பட்ட கடன் மட்டும் இன்னும் தீரவில்லை. அதில் ஒரு தவணையாகவே இன்று இம்மேடையில் பேசினேன்.