பெரிய மண்டபமும் சின்ன வகுப்பும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1942இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாணவர் 904 பேர்தான். முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜில் பயின்றவர். மாணவர் விடுதியில் தங்கி, ஆசிரியரோடு நெருங்கிப் பழகிக் கற்க வேண்டுமென்பது அவர் எண்ணம். 1952இல் மகாவலிக் கரையிலே, பேராதனையில் அது உருப்பெறத் தொடங்கியது. இன்று அங்கு பயில்வோர் பதினாயிரத்துக்கும் அதிகம். பலருக்கு இடம் கிடைத்தது நல்லதே. கதவு குறுகலாயிருந்த நாளில் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் நுழைய முடிந்தது?

ஆனால் நான் பயிலும் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு விரிவுரைக்கு முந்நூறு பேர். மிஷன் பள்ளியில் இருபத்தெட்டுப் பேராயிருந்தோம். நான் விழித்தால் ஆசிரியர் கண்டுகொள்வார். இங்கே முதலாண்டு முழுவதும் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. விளங்காதது ஒரே ஒரு சொல். எழுந்து கேட்கத் துணிவு வரவில்லை. அந்தப் பாடத்திலே தவறினேன். லயத்துப் பிள்ளைக்கு வீட்டில் கேட்க ஆளில்லை என்பதைப் பெரியோர் அறிவீர்கள்.

மறு ஆண்டு, எட்டுப் பேர் கூடிய பயிற்சி வகுப்பில், "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று விரிவுரையாளர் என்னைக் கேட்டார். அன்றுதான் நான் மாணவன் ஆனேன்.

நம் சங்க மண்டபம் ஞாயிறு பிற்பகலில் சும்மாதான் கிடக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எட்டெட்டுப் பேராக அமர்ந்து கேள்வி கேட்டுப் பழகலாமே! விடுமுறை முடியும்வரை நானும் இரு நண்பர்களும் வர இசைந்துள்ளோம். திறவுகோலை மட்டும் பெரியோர்கள் தந்தருள வேண்டும்.