கர்ப்பவதியின் நித்திரை

கர்ப்பவதி இருவருக்காக உண்ண வேண்டும் என்று சொல்லாத வீடு யாழ்ப்பாணத்திலும் இல்லை, மட்டக்களப்பிலும் இல்லை. அவள் இரவில் எத்தனை மணி நேரம் உறங்கினாள் என்று கேட்கும் வீடோ அரிது. காலையில் அவள் சோர்ந்திருந்தால், "பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

அவ்வாறு விட்டுவிடத்தக்க காரியமன்று இது. கருவைத் தாங்கும்பொருட்டுச் சுரக்கும் புரொஜெஸ்தரோன் என்னும் ஓமோன், இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்துகிறது. அதனால் புளித்த நீர் மேலெழுந்து நெஞ்சை எரிக்கிறது. வளரும் கருப்பையோ சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. இராப்போசனத்தை உறைப்புக் குறைத்து, படுக்கைக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக முடிப்பதும், நீரைப் பகலில் நிறையப் பருகி மாலைக்குப்பின் அளவாகக் கொள்வதும் நல்ல பரிகாரங்களாகும். இரவு உணவுக்குப்பின் தேநீரை விடுவதுதான் இத்தீவில் கடினமான காரியம்!

முதிய பெண்கள் அக்கறையோடு கூறும் விதியொன்று உண்டு. கர்ப்பவதி படுத்தபடியே புரளக்கூடாது. எழுந்து உட்கார்ந்தே மறுபக்கம் திரும்ப வேண்டும். அன்றேல் தொப்புட்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் என்பர். கொடி சுற்றுவது, குழந்தை நீர்ப்பையினுள் தானே அசைந்து திரிவதனால்; தாய் புரளுவதனால் அன்று. இந்த அச்சத்தினால் ஓரிரவில் ஐந்தாறு முறை எழுந்து உட்காரும் பெண்ணின் உறக்கம் என்னாவது? அன்பினால் விதிக்கப்பட்டதேயெனினும், இவ்விதியைக் கைவிடலாம். முழங்கால்களை மடக்கி மெல்லப் புரண்டால் போதும்.

ஆனால், ஒருக்களித்துப் படு என்று அவர்கள் சொல்வது முற்றிலும் மெய். 28 வாரங்களின்பின் மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் முதுகெலும்பின் அருகே செல்லும் கீழ்ப் பெருநாளத்தை நசுக்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது. குழந்தைக்குச் செல்வதும் குறைகிறது. ஐந்து ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2019 இல் வெளியான ஆராய்ச்சி, அக்காலத்தில் மல்லாந்து உறங்கச் செல்லும் தாய்மாருக்குக் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும் என்று கண்டது. அவ்வபாயம் பொதுவில் சிறியதே. எனினும் காசு செலவின்றிக் குறைக்கக்கூடியது. இடப்பக்கமே வேண்டும் என்பதில்லை; வலப்பக்கமும் தகும். நடுச்சாமத்தில் விழித்து, மல்லாந்து கிடப்பதை உணர்ந்தால் பதறவேண்டியதில்லை. திரும்பிப் படுத்தால் சரி. வயிற்றின் கீழும் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்துக்கொள்வது சுகம் தரும். தலையணை இல்லாத வீட்டில் மடித்த பழஞ்சேலை அவ்வேலையைச் செய்யும்.

சிலருக்குப் படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கும். இரும்புச்சத்துக் குறைவு இதற்கொரு காரணம். கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்குபவள் அதன் பயனில் பெரும்பங்கை இழக்கிறாள். கல்சியக் குளிசையையும் அதனோடு சேர்க்காமல் வேறு வேளையில் எடுக்க வேண்டும்.

நித்திரைக் குளிசையை மருந்துக்கடையில் தானாக வாங்குவது கூடவே கூடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பின்றி இரவில் அரித்தால் அது ஈரல் கோளாறாக இருக்கலாம். தாமதியாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கடுந்தலையிடியோடு பார்வை மங்கினாலோ, குழந்தையின் துடிப்பு வழமையிலும் குறைந்தாலோ, விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவை வீட்டாரின் கையில் உள்ளன. மருமகள் பகலில் அரைமணி நேரம் கண்ணயர்வதை மாமியார் சோம்பல் என்று எண்ணலாகாது. விடியற்காலையில் தண்ணீர் அள்ளவும் தேங்காய் துருவவும் கணவன் எழுந்தால், அவள் இன்னும் ஒரு மணி நேரம் உறங்குவாள்.