நிர்வாகத்துக்கும் மார்க்கு உண்டு

(தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளப் பேச்சு நடக்கும்போதெல்லாம் முதலாளிமார் தரப்பிலிருந்து ஒரு சொல் தவறாமல் வருகிறது. "உற்பத்தித் திறன்" என்பதே அச்சொல். இந்நாட்டில் 1962-ஆம் ஆண்டிலேயே தேசிய உற்பத்தித் திறன் நிலையம் ஏற்பட்டது. அதுவே வளர்ந்து இன்று மலேசிய உற்பத்தித் திறன் கழகமாக இருக்கிறது. சம்பளத்தை உற்பத்தித் திறனோடு இணைக்க வேண்டும் என்பதற்கு 1996-இல் வழிகாட்டி விதிகளும் வெளியாயின. ஆகவே இச்சொல்லைக் கண்டு நாம் ஒதுங்கிப் போவதில் பயனில்லை. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

உற்பத்தி குறைந்தால் குற்றம் யாருடையது? "பால் வெட்டுகிறவன் சோம்பேறி" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நம் ஊர் மணிக்கூண்டைப் பாருங்கள். 1885-இல் கட்டிய கோபுரம் சாய்ந்து நிற்கிறது. அதிலுள்ள செங்கல்லை யாராவது குறை கூறுகிறோமா? அடியிலுள்ள மண் இளகியது. உள்ளே இருந்த தண்ணீர்த் தொட்டியின் பாரம் அமுக்கியது. காரணத்தை அங்கேதான் தேடுகிறோம். தொழிலிலும் அப்படித்தான் தேட வேண்டும்.

இப்படித் தேடியவர்கள் இருக்கிறார்கள். நிக்கோலஸ் புளூம், ஜான் வான் ரீனன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி ஆகிய நான்கு நாடுகளில் 732 உற்பத்திக் கம்பெனிகளை விசாரித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். பிறகு அந்த விசாரணை இந்தியா உள்படப் பல நாடுகளுக்கும் விரிந்தது.

அவர்கள் விசாரித்த விதத்தைக் கவனியுங்கள். "உங்கள் நிர்வாகம் நல்லதா?" என்று கேட்டால், "ஆகா, பிரமாதம்" என்றுதான் பதில் வரும். ஆகவே அப்படிக் கேட்கவில்லை. ஆலை மானேஜரைத் தொலைபேசியில் அழைத்து, "உற்பத்தியை எப்படிக் கண்காணிக்கிறீர்கள்? கடைசியாக ஒரு கோளாறு வந்தபோது என்ன செய்தீர்கள்? தொழிலாளர் யோசனை சொல்வதுண்டா?" என்று பேச்சை வளர்த்தார்கள். 18 விஷயங்களில், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க்கு. மார்க்கு போடுகிறார்கள் என்பது மானேஜருக்குத் தெரியாது. கம்பெனியின் லாப நட்டம் கேள்வி கேட்பவருக்குத் தெரியாது. ஆகையால் இரு பக்கமும் பூசி மெழுக வழியில்லை.

முடிவு என்ன? மார்க்கு உயர்ந்த கம்பெனிகளில் உற்பத்தித் திறனும் லாபமும் உயர்ந்திருந்தன. போட்டி இல்லாத தொழிலிலும், தகப்பனுக்குப் பின் மூத்த மகன் என்று நாற்காலி கைமாறிய குடும்பக் கம்பெனிகளிலும் மார்க்கு தாழ்ந்திருந்தது. கடைசியில், "உங்கள் கம்பெனியின் நிர்வாகத்துக்கு நீங்களே எத்தனை மார்க்கு போடுவீர்கள்?" என்றும் கேட்டார்கள். பெரும்பாலோர் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள்! அந்த மார்க்குக்கும் கம்பெனியின் உண்மை நிலைக்கும் சம்பந்தமே இல்லை.

"நல்ல கம்பெனியில் நல்ல நிர்வாகம் இருப்பது இயல்புதானே, எது எதற்குக் காரணம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் பரிசோதனை நடந்தது. 2008-இல், பம்பாய் என்று நாம் அழைத்து வந்த மும்பை நகருக்கு அருகே, 17 நெசவுக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நூல் வகை பிரிக்காமல் குவிந்து கிடந்தது. கருவிகள் சிதறிக் கிடந்தன. இயந்திரம் பழுதானால் மட்டுமே கவனித்தார்கள். 11 கம்பெனிகளுக்கு ஒரு மாதம் குறை கண்டுபிடித்து, மேலும் நான்கு மாதம் உடனிருந்து திருத்தும் முறையைக் கற்றுக் கொடுத்தார்கள். மற்ற 6 கம்பெனிகளுக்குக் குறையைக் கண்டு சொன்னதோடு சரி. திருத்திய ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவிகிதம் உயர்ந்தது!

தோழர்களே, இந்த 17 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். தறியோட்டுகிறவரைக் கடிந்துகொண்டு பெற்ற உயர்வல்ல இது. நூலை அடுக்கி, பழுதைக் குறித்து, இயந்திரத்தைக் காலத்தில் பராமரித்ததால் வந்தது. இவ்வளவு சாதாரணமான காரியத்தை முன்பே ஏன் செய்யவில்லை? அது லாபம் தரும் என்பதை முதலாளிகளே அறிந்திருக்கவில்லை!

2017-இல் திரும்பப் போய்ப் பார்த்தபோது, கற்றுக்கொண்ட முறைகளில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தது. மானேஜர் மாறியது ஒரு காரணம். முதலாளிக்கு நேரமில்லாதது இன்னொரு காரணம். ஆனாலும் மற்ற ஆலைகளைவிட அவை மேலாகவே இருந்தன. ஒரு மனிதரின் தலைக்குள் மட்டும் இருக்கும் முறை அவரோடு போய்விடும். வேலை செய்கிறவர் எல்லாரும் அறிந்த முறைதான் நிலைக்கும்.

இந்த விசாரணையில் குறையும் உண்டு. முதலாவது, கேள்வி முழுவதும் மானேஜரைக் கேட்டது, தொழிலாளியைக் கேட்கவில்லை. இரண்டாவது, திறமை குறைந்தவரை விரைவில் நீக்கும் நிர்வாகத்துக்கு அதில் மார்க்கு கூடுகிறது. மரம் கிழடா, மங்கு உடைந்ததா என்று பாராமல் ஆளை நீக்குவதற்கு மார்க்கு கொடுப்பதை நாம் ஒப்புக்கொள்ள இயலாது. வேறு வழி இல்லாமலில்லை. பிரிட்டனில் 1980 முதல் 2011 வரை ஆறு முறை நடந்த வேலைத்தல விசாரணையில் மானேஜரையும் கேட்டார்கள், தொழிலாளர் பிரதிநிதியையும் கேட்டார்கள். 1998 முதல் தொழிலாளரையே நேராகவும் கேட்டார்கள்.

நம் தமிழகத்தில் கோயம்புத்தூரிலும் பாடம் இருக்கிறது. 1956-இல் அங்கே ஏற்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நூற்பாலைகளின் உற்பத்தித் திறனை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வருகிறது. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி ஆகிறது என்பதே கணக்கு. மெல்லிய நூல் நூற்கும் ஆலையையும் தடித்த நூல் நூற்கும் ஆலையையும் அப்படியே ஒப்பிட்டால் அநியாயம். அதனால் எல்லாவற்றையும் 40-ஆம் நம்பர் நூலுக்குச் சமமாக மாற்றிய பிறகே ஒப்பிடுகிறார்கள்.

நமக்கும் அந்த நியாயம் வேண்டும். இருபத்தைந்து ஆண்டு தாண்டிய மரத்தில் வெட்டுகிறவரையும் இளமரத்தில் வெட்டுகிறவரையும் ஒரே தராசில் எப்படி நிறுத்துவது? மேட்டுக்காடும் சமநிலமும் ஒன்றா? விடியற்காலையில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறையும். லாரி தாமதமாகக் கொண்டுவந்து இறக்கினால், இழந்த பால் யார் கணக்கில் சேர வேண்டும்?

ஆகவே நாமும் விசாரிப்போம். ஒவ்வொரு தோட்டத்திலும் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். மங்கு உடைந்தால் எத்தனை நாளில் புது மங்கு வருகிறது? நிரைக்குப் போகும் பாதை எப்போது செம்மைப்பட்டது? மழை நாளில் வெட்டு உண்டா இல்லையா என்பதை யார், எத்தனை மணிக்குச் சொல்கிறார்? ஸ்டோரில் பால் நிறுக்க எவ்வளவு நேரம் நிற்கிறோம்? மெட்ரோலாக் காட்டும் அளவை வெட்டியவர் தம் கண்ணால் பார்க்கிறாரா? நாம் சொன்ன யோசனையில் எது நடைமுறைக்கு வந்தது?

கிராணிமார்களே! அலுவலக இரகசியத்தைக் கேட்கவில்லை. கணக்கை எப்படி ஒழுங்காக எழுதுவது என்று கற்றுக்கொடுங்கள், அது போதும். தாய்மார்களே! உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம் போதும். தேதி, மழை, மரங்களின் எண்ணிக்கை, கிலோ, காத்திருந்த நேரம். இந்த ஐந்தையும் நாள்தோறும் குறியுங்கள்.

பால்மரம் நின்ற இடத்தில் எண்ணெய்ப்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் இதே கேள்விகளை வேறு பெயரில் கேட்கலாம். ஆறு மாதக் கணக்கு கையில் இருந்தால், "உற்பத்தித் திறன்" என்று அவர்கள் தொடங்கும்போது, "நல்லது, இரு தரப்பு மார்க்கையும் மேசைமேல் வைப்போம்" என்று நம் பிரதிநிதி சொல்லலாம். வெறுங்கையோடு போனால் அந்தச் சொல் நம்மைக் கட்டிப்போடும். கணக்கோடு போனால் அதே சொல் நமக்காகவும் பேசும்.