கல்லில் அழிப்பான் இல்லை



செங்கல்பட்டில் பேருந்தேறித் திருக்கழுக்குன்றம் வழியே மாமல்லபுரத்திற்குப் படிக்கச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கையில் சுருட்டிய வரைதாள். 1957இல் தொடங்கப்பெற்ற அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி அது. குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கிய வை. கணபதி தபதி முதல்வராக வீற்றிருந்த இடம்.

வடிவமைப்பு வகுப்பின் முதல் நாளிலேயே கோபுரம் வரைந்துவிடும் ஆவல் அவளுக்கு. ஆசிரியரோ அளவைத் தருகின்றார்: 8 யவம் ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். அசையும் சீரும் கசந்த நாளைக் கவிஞர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்!

சோர்ந்த மனத்தோடு அவள் ஐந்து தேர்களின் முன் சென்று நிற்கின்றாள். திரௌபதி தேர் கூரைக் குடிசை. வீமன் தேர் வண்டிக்கூடு. சகாதேவன் தேர் தூங்கானை மாடம். மூங்கிலிலும் ஓலையிலும் மரத்திலும் கண்டவற்றையே பல்லவச் சிற்பிகள் 7ஆம் நூற்றாண்டில் பாறையில் கண்டனர். இவை அடுக்கிக் கட்டியவை அல்ல. உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியவை. சிகரத்தில் உளி படும்போதே, பாறைக்குள் மறைந்திருக்கும் தூணின் இடம் சிற்பிக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். கவிஞர் சொல்லை அடித்து எழுதலாம். மாணவியிடம் அழிப்பான் உண்டு. அவனிடம் என்ன உண்டு?

தருமராசன் தேரின் கீழ்ப்பகுதி முற்றுப்பெறவில்லை. குறைதான், ஆயினும் வேலை நடந்த வழியை அக்குறையன்றோ காட்டிக்கொடுக்கின்றது!

மறுநாள் அவள் கோபுரம் வரையவில்லை. வெற்றுத்தாளின் மேற்புறத்தில் சிறு சிகரம் ஒன்றை வரைகின்றாள். கீழே, தூண் வரவேண்டிய இடத்தில், அளந்து ஒரு புள்ளி வைக்கின்றாள்.