நோன்பு திறந்த பின் நெஞ்செரிவது ஏன்?

(ரமளானை முன்னிட்டு நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ரமளான் வந்துவிட்டால் நம் வீடுகளில் தவறாமல் நடப்பது இது. மஃரிபுக்கு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், சர்பத், இரண்டு கிண்ணம் நோன்புக் கஞ்சி, வடை, சமோசா என்று பத்தே நிமிடத்தில் வயிற்றை நிரப்பிவிடுகிறோம். தராவீஹில் ருகூவுக்குக் குனியும்போது புளித்த ஏப்பம் வருகிறது, நெஞ்சு எரிகிறது. "பகல் முழுக்க வெறும் வயிறு, அதனால்தான் அசிடிட்டி" என்று சொல்லி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறோம். நோன்பின்மீது பழி போடுவதற்கு முன் இரைப்பை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

இரைப்பையில் அமிலம் ஒரே அளவில் ஊறிக்கொண்டிருப்பதில்லை. வெறும் வயிற்றில் குறைவாகவே சுரக்கிறது. உணவைப் பார்த்து, வாசனை பிடித்து, வாயில் வைத்தவுடனே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக முதல் கட்டளை போகிறது. ஆனால் பெரும்பகுதி அமிலம் சுரப்பது உணவு இரைப்பைக்குள் விழுந்த பிறகுதான். அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, இரைப்பை விரிவது. காலி இரைப்பை சுருங்கிய பை போன்றது. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒரு லிட்டருக்கு மேலும் கொள்ளும். சுவர் இழுபடுவதை அங்குள்ள நரம்புகள் உணர்ந்து அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன. உணவே இல்லாமல் உள்ளே ஒரு பலூனை ஊதி விரித்தாலும் அமிலம் சுரப்பதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, ஹார்மோன். 1905-இல் லண்டனில் ஜான் எட்கின்ஸ் என்பவர், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் உருவாகும் ஒரு பொருள் அமிலத்தைச் சுரக்க வைக்கிறது என்று சொல்லி, அதற்கு காஸ்ட்ரின் என்று பெயரிட்டார். பல ஆண்டுகள் பலர் நம்பவில்லை. 1964-இல் லிவர்பூலில் கிரெகரி, ட்ரேசி இருவரும் அதைத் தூய்மையாகப் பிரித்துக் காட்டினார்கள். கறி, பருப்பு போன்ற புரத உணவு செரிக்கத் தொடங்கியதும் காஸ்ட்ரின் இரத்தத்தில் கலக்கிறது. அது ஹிஸ்டமினை வெளிவரச் செய்கிறது. ஹிஸ்டமின் அமிலச் செல்களை முடுக்குகிறது.

இதற்கு பிரேக்கும் உண்டு. அமிலம் போதிய அளவு கூடியதும் சொமாட்டோஸ்டேடின் என்ற ஹார்மோன் காஸ்ட்ரினை அடக்குகிறது. உணவு சிறுகுடலுக்குப் போனதும் அங்கிருந்து செக்ரெட்டின் போன்ற ஹார்மோன்கள் "போதும்" என்று சொல்கின்றன.

அவசரமாக நிரப்பினால் என்ன ஆகும்? சுவர் திடீரென விரிகிறது, அமிலம் கூடுகிறது. விரிந்த இரைப்பையின் மேல்வாசல் அடிக்கடி திறந்துகொள்வதால் அந்த அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுகிறது. எண்ணெயில் பொரித்தது இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். எனவே வயிறு நெடுநேரம் விரிந்தே இருக்கிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை எளிமையானவை. பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சியோடு நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து மீதியை நிதானமாகச் சாப்பிடுவோம். வயிற்றில் உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் இடம் விடச் சொன்ன நபிவழி நமக்குப் புதிதல்ல. சஹர் முடித்து, ஃபஜ்ர் தொழுத கையோடு படுப்பது நம்மிடம் உள்ள இன்னொரு பழக்கம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரம் படுக்காமல் இருப்பது நல்லது. முடியாதவர்கள் சஹர் உணவின் அளவைக் குறைத்து, தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கலாம். எரிச்சலுக்குப் பால் குடித்தால் சற்று நேரம் இதமாக இருக்கும். ஆனால் பாலில் உள்ள புரதமும் கால்சியமும் பிறகு அமிலத்தைத் தூண்டும்.

ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற மாத்திரைகள் உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். எரியத் தொடங்கிய பிறகு விழுங்குவதில் பெரிய பயன் இல்லை. மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தொடரவும் கூடாது. குடற்புண் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றை அசிடிட்டி என்று தள்ளிவிடாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்த்துக் கொட்டினால், வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், அது மாரடைப்பாக இருக்கலாம். "கேஸ்தான்" என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் தாமதம் உயிரைப் பறித்துவிடும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தோடு நோன்பு நோற்கும் பாக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.