காயம்பட்டோர் பதிவேடும் வான்குடை வரலாறும்



தலைமை உரையாற்ற என்னை அழைத்ததற்கு நன்றி சொல்ல எழுந்தபோதே நெஞ்சு சற்றுப் படபடத்தது. என்னைவிட ஆழமாக ராணுவ வரலாறு கற்றவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய நூல்களைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்துறைக்குள் நுழைந்தேன். அவர்களுள் சிலரோடு எனக்கு நெடுநாள் கருத்து வேறுபாடும் உண்டு. அதை இன்று ஒளிக்காமல் பேசுவதே அவர்களுக்கு நான் செய்யும் மரியாதை.

மாநாட்டின் பொருள் ‘போர்க்கால வான்குடைப் படை நடவடிக்கைகள்’. 1930களில் சோவியத் படை நடத்திக் காட்டிய ஒத்திகைகளில் தொடங்கி, 1941 மே 20 அன்று ஜெர்மானியர் கிரீட் தீவில் இறங்கியது, 1943 ஜூலையில் சிசிலிக்கு மேலே நேச நாடுகளின் 144 விமானங்களில் 23 சொந்தத் தரப்பின் பீரங்கிகளுக்கே இரையானது, நார்மண்டி, ஆர்னம், ரைன் நதிக்கரை, தியன் பியன் ஃபூ, டாங்காயில் என்று நீளும் வரிசையை இங்கே நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. கிரீட்டில் விழுந்த பிணங்களைப் பார்த்து ஹிட்லர் வான்குடைப் படையின் காலம் முடிந்தது என்றார். அதே கிரீட்டைப் பார்த்துத்தான் நேச நாடுகள் தங்கள் வான்குடைப் படைகளைப் பெருக்கின. ஒரே சண்டையிலிருந்து இரு தரப்பும் எதிரெதிர்ப் பாடம் கற்றன என்பதை நாம் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனால் அந்த முதல் வகுப்பிலேயே ஒரு பழக்கத்தையும் ஊட்டிவிடுகிறோம். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் எதிரே ‘வெற்றி’ அல்லது ‘தோல்வி’ என்று எழுதி வைப்பதுதான் அது. தளபதி எதைத் திட்டமிட்டார், பாலம் கிடைத்ததா, எதிரி சிக்கினானா என்று மூன்று கேள்வி கேட்டுக் கணக்கை முடித்துவிடுகிறோம். விமானத்திலிருந்து வெளியேறும் நொடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். தரை தொட்டபின் வரும் இரண்டு மூன்று நாள்களைப் பற்றி, குறிப்பாக அடிபட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பற்றி, ஒரு வரிதான் எழுதுகிறோம். இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இன்று வாதாட வந்திருக்கிறேன்.

காலாட்படைக்கு முதுகுப்புறம் என்று ஒன்று உண்டு. காயம்பட்டவரைத் தூக்கினால் பின்னே முதலுதவி நிலையம், அதற்குப் பின்னே சிகிச்சை நிலையம், அதற்கும் பின்னே பெரிய மருத்துவமனை என்று ஒரு பாதை போகும். வான்குடைப் படைக்கு அந்தப் பாதை கிடையாது. நாலா பக்கமும் எதிரி. அடிபட்டவர் அந்த வட்டத்துக்குள்ளேயே கிடக்கிறார். தண்ணீரும் மருந்தும் மறைவிடமும் அவருக்கு வேண்டும். அவரைத் தூக்க நால்வர் வேண்டும். அந்த நால்வரும் துப்பாக்கியைக் கீழே வைத்தாக வேண்டும். அதனால்தான் வான்குடைப் படையோடு அதன் மருத்துவர்களும் சேர்ந்து குதித்தார்கள். இறங்கிய படை எத்தனை நாள் நிலைக்கும் என்பதைத் தோட்டா தீர்மானிக்கும் அளவுக்கு அந்த மருத்துவர்களின் கையும் தீர்மானிக்கிறது.

ஆர்னத்தை எடுத்துக்கொள்வோம். 1944 செப்டம்பர் 17 அன்று இறங்கிய பிரிட்டிஷ் முதலாம் வான்குடைப் படை டிவிஷன் ஏன் தோற்றது என்று கேட்டால் நம் துறையில் ஆயத்தமான விடைகள் உண்டு. இறங்குகளம் பாலத்திலிருந்து வெகு தொலைவு, ரேடியோ பேசவில்லை, தெற்கிலிருந்து வரவேண்டிய தரைப்படை தாமதித்தது. மூன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் செப்டம்பர் 24 அன்று நடந்ததை நம் நூல்கள் எப்படிக் கையாளுகின்றன? டிவிஷனின் தலைமை மருத்துவர் கர்னல் கிரேம் வாரக் ஜெர்மானியர் தரப்புக்குப் போகிறார். காயம்பட்டவர்களை ஒப்படைக்கச் சற்று நேரம் சண்டையை நிறுத்தலாமா என்று பேசுகிறார். அவர்கள் இசைகிறார்கள். துப்பாக்கிகள் ஓய்கின்றன. ஆர்னத்தை அடுத்த ஆஸ்டர்பீக்கில் சூழப்பட்ட வட்டத்துக்குள்ளிருந்த காயம்பட்டோரில் பலர் ஜெர்மானியர் பிடியிலிருந்த மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். மறுநாள் இரவே மிச்சப் படை ரைனைக் கடந்து பின்வாங்குகிறது.

மூத்த அறிஞர் ஒருவர், நான் பெருமதிப்பு வைத்திருப்பவர், இந்த நிகழ்ச்சியை ‘போரின் நடுவே பூத்த மனிதநேயம்’ என்று எழுதி ஒரு பத்தியோடு கடந்துவிட்டார். மனிதநேயம்தான், சந்தேகமில்லை. அதைவிட அது ஒரு சான்று என்பதே என் கட்சி. அந்த வட்டம் அதற்குள் மருத்துவமனையாக மாறிவிட்டிருந்தது. பழைய தேவாலயத்தருகே கேட் டெர் ஹோர்ஸ்ட் என்ற பெண்மணியின் வீட்டில் அறைகளும் நடைவழியும் காயம்பட்டோரால் நிரம்பிக் கிடந்தன. அவர் தம் குழந்தைகளைப் பாதாள அறையில் வைத்துவிட்டு மேலே அவர்களைப் பார்த்துக்கொண்டார். பின்வாங்கும் ஆணை 25ஆம் தேதி வந்தது. ஆனால் அந்தப் படை இனித் தாங்காது என்பதை ஒரு மருத்துவர் ஒரு நாள் முன்பே எதிரியின் தலைமையகத்தில் நின்று ஒப்புக்கொண்டுவிட்டார். தளபதிகளின் ஆணையை மட்டும் தேதியாகக் கொள்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

ஏன் படவில்லை என்பதற்கு ஒரு சாதாரணக் காரணமும் உண்டு. லண்டன் கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இரண்டாம் உலகப் போரின் மருத்துவப் பிரிவு நாட்குறிப்புகள் தனித் தொடராக வைக்கப்பட்டுள்ளன. பட்டாலியன் நாட்குறிப்பைக் கேட்டு வாங்குகிற ஆய்வாளரின் மேசைக்கு அவை தாமாக வந்து சேர்வதில்லை. நம் நாட்டிலும் அதே கதைதான். பிஷேஷ்வர் பிரசாத் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவந்த இந்தியப் படைகளின் அதிகாரபூர்வ வரலாற்றில் போர்க்களத் தொகுதிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பி.எல். ரெய்னா பதிப்பித்த மருத்துவப் பணிகள் தொகுதிகளோ பல நூலகங்களில் பக்கம் பிரிபடாமல் இருக்கின்றன. அவற்றை மருத்துவர்கள் படிப்பார்கள் என்று நாம் விட்டோம். வரலாற்றாளர்கள் படிப்பார்கள் என்று மருத்துவர்கள் விட்டார்கள்.

இனிச் சாங்ஷாக். இந்தப் பெயரை நான் எடுத்தாலே சில நண்பர்கள் புன்னகைப்பார்கள். ‘அங்கே யாருமே குதிக்கவில்லையே, அதை எப்படி வான்குடை வரலாற்றில் சேர்ப்பது?’ என்று ஒரு கருத்தரங்கில் என்னைக் கேட்டார்கள். அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று சொல்கிறேன்.

1944 மார்ச்சில் இம்பாலுக்கு வடகிழக்கே, அந்த நாகா ஊரின் மேட்டில், 50வது இந்திய வான்குடைப் பிரிகேடு ஜப்பானியரின் 31வது டிவிஷனைச் சேர்ந்த படையை எதிர்கொண்டது. மண்ணுக்கடியில் பாறை. ஆழமாகப் பதுங்குகுழி தோண்ட முடியவில்லை. முள்கம்பி இல்லை. மேட்டில் தண்ணீர் இல்லை. வீரர்கள் தரைவழியாகத்தான் அங்கே போனார்கள். ஆனால் அவர்களுடைய உணவும் தண்ணீரும் குண்டும் வான்குடையில்தான் வந்தன. அந்தச் சிறிய மேட்டைத் தவறவிட்டு அவற்றில் பெரும்பங்கு ஜப்பானியர் கையில் போய் விழுந்தது. மருத்துவர்கள் அந்தப் பாறைமேல், மேலே கூரையின்றி, குண்டுக்கு நடுவே அறுவை செய்தார்கள். மார்ச் 26 இரவு அவர்கள் விலகியபோது நகர்த்தவே முடியாதவர்களை விட்டுச் செல்ல நேர்ந்தது. வான்குடைப் படையின் அடிப்படைத் துயரம் முழுவதும் இதில் இருக்கிறது. குதித்தார்களா என்று கேட்பதை விட்டுச் சூழப்பட்டார்களா என்று கேட்டால் சாங்ஷாக் இத்துறையின் நடுவில் வந்து நிற்கும்.

சாங்ஷாக்கில் நடந்ததற்காக அந்தப் பிரிகேடு மீது பழி சுமத்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பின்னாளில் தளபதி ஸ்லிம் தம் சிறப்பு ஆணையில் அவர்களுடைய உறுதியே இம்பாலுக்குத் தற்காப்பைச் சீர்செய்து கொள்ள அவகாசம் தந்தது என்று போற்றினார். அப்படியும் பழி முழுதாக நீங்கவில்லை. அந்தப் பிரிகேடின் கூர்க்கா பட்டாலியனுக்கு வரலாறு எழுதியவர் யார்? அதன் மருத்துவ அதிகாரி எரிக் நீல்ட். தளபதிகள் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது கூடவே இருந்து கட்டுப்போட்டவர் எழுதி வைத்தார். அந்த நூலை ‘நினைவுக் குறிப்பு’ என்று ஒதுக்குவது நியாயமாகுமா?

இதே பிரிகேடின் தொடக்கத்தில் நமக்கு நெருக்கமான ஒருவர் நிற்கிறார். 1941இல் இந்தியாவில் வான்குடைப் பயிற்சி தொடங்கியபோது முதன்முதலாகக் குதித்த இந்தியர் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் 152வது பட்டாலியனின் மருத்துவ அதிகாரி, பெயரிலேயே ஆற்காட்டைத் தாங்கிய லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ். இந்திய அதிகாரிகளில் முதலில் விமானத்திலிருந்து குதித்தவர் கையில் ஊசியும் கட்டுத்துணியும் பிடித்தவர் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் லெப்டினன்ட் கர்னல். 1950 நவம்பரில் 60வது வான்குடை ஃபீல்டு ஆம்புலன்ஸ் அவர் தலைமையில் கொரியாவுக்குப் போனது. ‘ஆம்புலன்ஸ்’ என்றதும் நம் காதில் விழுவது வண்டிச் சத்தம். தமிழில் வந்த ஒரு கட்டுரையும் அதை ‘மருத்துவ ஊர்தி’ என்றே மொழிபெயர்த்துவிட்டது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கொண்ட முழுமையான மருத்துவப் பிரிவு அது. அறுவை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், தூக்குப்படுக்கைக்காரர் எல்லோரும் அதில் உண்டு. சண்டைப் படை அனுப்ப மறுத்த இந்தியா இவர்களை அனுப்பியது. டிசம்பரில் ஐ.நா. படைகள் பியோங்யாங்கை விட்டு ஓடியபோது இவர்களுக்கு வாகனம் இல்லை. பழைய நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, தாங்களே ஓட்டி, மருத்துவச் சாமான்களை ஒன்றும் விடாமல் தெற்கே கொண்டுவந்தார்கள்.

1951 மார்ச் 23 காலை, முன்சான்-னியில் அமெரிக்காவின் 187வது வான்குடைப் படைப் பிரிவு குதித்தது. அவர்களோடு ரங்கராஜும் அவருடைய ஆட்களுமாகப் பன்னிருவர் குதித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. நம் பாடநூல்களில் இந்த நடவடிக்கைக்கு எதிரே ‘தோல்வி’ என்று இருக்கும், ஏனென்றால் வளைத்துப் பிடிக்க வேண்டிய எதிரி பெரும்பாலும் முன்பே பின்வாங்கியிருந்தான். சரி, அந்தப் பக்கத்தின் எண்களைப் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாறு தரும் கணக்குப்படி, சண்டையில் இழப்பு 19 பேர். குதித்ததில் அடிபட்டவர்கள் 84 பேர். எதிரி தந்த காயத்தைவிடத் தரை தந்த காயம் நான்கு மடங்குக்கு மேல். அந்த 84 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் உடனே பணிக்குத் திரும்பினார்கள் என்று அதே கணக்கு சொல்கிறது. ‘உடனே திரும்பினார்கள்’ என்ற சொற்களுக்குள் யார் இருக்கிறார்கள்? கணுக்காலைப் பிடித்துப் பார்த்து, எலும்பு முறிந்ததா சுளுக்கா என்று அந்த வயலிலேயே முடிவு சொல்லி, கட்டுப்போட்டு எழுப்பி விட்டவர்கள் இருக்கிறார்கள். வெற்றி, தோல்வி என்று எழுதும் இடத்தில் அந்தக் கைகளுக்கு இடமே இல்லை.

எதிர்வாதம் வரும், வரட்டும். மருத்துவமனைக்குள்ளிருந்து பார்த்தால் எல்லாச் சண்டையும் தோல்வியாகத்தான் தெரியும் என்று சொல்வார்கள். உண்மை. தளபதியின் கூடாரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வெற்றியாகத் தெரிகிறதே, அதற்கு என்ன செய்தோம்? இரு தரப்புத் தளபதிகளின் அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தோம். மூன்றாவதாக மருத்துவரின் குறிப்பையும் வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். டாங்காயிலைப் பாருங்கள். 1971 டிசம்பர் 11 அன்று அங்கே இறங்கியது ஏறத்தாழ 700 பேர் கொண்ட ஓர் இந்தியப் பட்டாலியன். உலகப் பத்திரிகைகள் 5,000 என்று எழுதின. வேறோர் ஒத்திகையின் புகைப்படம் அதற்குத் துணைபோனது. நாம் இன்றும் அந்த எண்ணிக்கையைப் பற்றியே சண்டை போடுகிறோம். சிதறி விழுந்த பொதிகளையும் குண்டுப் பெட்டிகளையும் தலையில் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்த ஊர்மக்களைப் பற்றி ஒரு கட்டுரைகூட இம்மாநாட்டுக்கு வரவில்லை. அடுத்த முறையேனும் வர வேண்டும்.

போர்க்கள மருத்துவத்தில் ஒரு வழக்கம் உண்டு. காயம்பட்டவருடைய சட்டைப் பொத்தானில் ஒரு சிறிய அட்டையைக் கட்டுவார்கள். பெயர், காயம், மார்ஃபின் எவ்வளவு, எத்தனை மணிக்கு. நேரத்தை எழுத மறந்தால் அடுத்த கை இன்னொரு ஊசி போட்டுவிடும், ஆள் பிழைக்க மாட்டார். அதனால் எவ்வளவு குண்டு விழுந்தாலும் அந்த நேரத்தைச் சரியாக எழுதினார்கள். தளபதிகளின் அறிக்கைகள் பிற்பாடு, யோசித்து, தம்மைக் காத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அந்த அட்டையை நிரப்பியவருக்கு அப்படி எழுத நேரமும் இல்லை, காரணமும் இல்லை. நம் துறையில் நேரத்தைப் பற்றிய மிக நேர்மையான சான்று அதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் அதன் மருத்துவப் பிரிவு எது, அதன் நாட்குறிப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். கிடைத்தால் அதைப் படித்தபின் தளபதியின் நூலைத் திறவுங்கள். வரிசையை மாற்றிப் படித்துப் பார்த்துவிட்டு, அப்போதும் நான் சொன்னது தவறு என்று தோன்றினால், இந்த மேடையிலேயே வந்து சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.

முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.